ஹிஸ்டரி மேட்ச் அழகாக வந்துவிட்டது, ஆனால் எனக்கே நம்பிக்கை வரவில்லை

தேக்கப்பாறை:

வணக்கம். ரிசர்வாயர் சிமுலேஷனில், அதாவது எண்ணெய்த் தேக்கத்தைக் கணினி மாடலாக ஓட்டிப் பார்ப்பதில், எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். முதல்முறையாக ஒரு முழு ஃபீல்டின் ஹிஸ்டரி மேட்சிங், அதாவது கடந்தகால உற்பத்தியோடும் அழுத்தத்தோடும் மாடலைப் பொருத்தும் வேலை, என் பொறுப்பில் வந்திருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். முடிந்த விதம்தான் உறுத்துகிறது.

கடலடியில் இருக்கும் மணற்கல் தேக்கம் இது. நடுவில் ஒரு பெரிய ஃபால்ட் (பாறை பிளந்து நகர்ந்த தளம்) ஓடி, கிழக்கு பிளாக், மேற்கு பிளாக் என்று இரண்டாகப் பிரிக்கிறது. உற்பத்திக் கிணறுகள் 11: மேற்கில் 6, கிழக்கில் 5. கடல்நீர் ஏற்றும் கிணறுகள் 3, மூன்றுமே மேற்கில். 9 வருட மாதாந்திரக் கணக்கு கையில் இருக்கிறது. கிணறுகளை மூடி எடுத்த அழுத்த அளவுகள் 23. மாடலில் ஆக்டிவ் செல்கள் (கணக்கில் சேரும் கட்டங்கள்) சுமார் 1.2 லட்சம், ஒரு ரன்னுக்கு 40 நிமிடம் ஆகிறது.

முதல் இரண்டு வாரம் கையாலேயே முயன்றேன். ஒரு கிணற்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கிணறு கெட்டது. அப்புறம் அலுவலகத்தில் இருந்த அசிஸ்டட் ஹிஸ்டரி மேட்சிங் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டேன். மொத்தம் 38 பாராமீட்டர்: வட்டாரவாரியாக பெர்மியபிலிட்டி (பாறை திரவத்தைக் கடத்தும் திறன்) பெருக்கிகள், இரு பிளாக்குக்கும் போர் வால்யூம் (பாறைத் துளைகளின் கொள்ளளவு) பெருக்கி, செங்குத்து-கிடைமட்ட பெர்மியபிலிட்டி விகிதம், ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டியின் எண்ட் பாயின்ட்கள், அக்விஃபரின் (தேக்கத்தை ஒட்டிய நீர்ப்பாறை) அளவு. எவல்யூஷனரி அல்காரிதம், 600 ரன். அளவீட்டுப் பிழைக்கு மென்பொருளில் ஏற்கெனவே இருந்த 5% என்பதை அப்படியே விட்டேன். மிஸ்ஃபிட், அதாவது மாடலுக்கும் அளவீடுகளுக்கும் உள்ள மொத்த இடைவெளி, 61,000த்திலிருந்து 4,900க்கு இறங்கியது. ஃபீல்ட் வாட்டர் கட் (எடுக்கும் திரவத்தில் தண்ணீரின் பங்கு) படத்தில் கோடு புள்ளிகளின் மேலேயே போகிறது. மேலாளர் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார்.

ஆனால் கிழக்கு பிளாக்கின் போர் வால்யூம் பெருக்கி 1.35ல் போய் நிற்கிறது. கி-3 என்ற கிணற்றில், ஆரம்ப மாடல் சொன்னதைவிட 14 மாதம் முன்பே தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பிடிக்க, அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் பெர்மியபிலிட்டியை மென்பொருள் 10 மடங்காக்கியிருக்கிறது. நான் கொடுத்த மேல்வரம்பே அந்த 10தான். ஃபால்ட்டுக்கு மறுபக்கம், மேற்கில் இருக்கும் வட்டாரம் 0.1ல் நிற்கிறது. அது கீழ்வரம்பு. போதாக்குறைக்கு, எதிர்காலக் கணிப்புக்கு மாற்றிய முதல் நாளே எண்ணெய் உற்பத்தி 40% எகிறுகிறது.

தவறு மென்பொருளிலா, என்னிடமா? பல மாடல்களை ஒன்றாகத் திருத்தும் ஆன்சாம்பிள் முறைக்கு, அதாவது இஎஸ்-எம்டிஏ என்கிறார்களே அதற்கு, மாறினால் தீருமா? மாறுவதென்றால் எந்த மென்பொருளில் செய்யலாம்?

ரன்மேல்ரன்:

வரம்பில் முட்டுகிறது என்றால் வரம்பு குறுகல் என்று அர்த்தம். 0.01 முதல் 100 வரை திறந்துவிடுங்கள். 38 பாராமீட்டருக்கு 600 ரன் பற்றாது, 2,000 ஓட்டுங்கள். பெர்மியபிலிட்டி எப்படியும் லாக் அளவில் விரிகிற சமாசாரம். 10 மடங்கு ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை.

பதினேழாம் கிணறு:

தம்பி, தயவுசெய்து வரம்பைத் திறக்காதீர்கள்.

ரன்மேல்ரன் சொன்னதில் பாதி சரி, பெர்மியபிலிட்டி லாக் அளவில்தான் விரியும். ஆனால் ஃபால்ட்டின் ஒரு பக்கம் மேல்வரம்பிலும் மறுபக்கம் கீழ்வரம்பிலும் முட்டிக்கொண்டு நிற்பது வேறு கதை. மென்பொருளுக்கு வாய் கிடையாது, சொல்ல வேண்டியதை இப்படித்தான் சொல்லும். அதன் கையில் 38 திருகுகளைக் கொடுத்தீர்கள். பிழை 39ஆவது திருகில் இருந்தால் பாவம் அது என்ன செய்யும்? இருக்கிற 38ஐயும் முறுக்கி, குற்றமில்லாத பாறையின் தலையில் பழியைப் போட்டு, கணக்கை நேர்செய்துவிடும். மிஸ்ஃபிட்டும் இறங்கும்.

நான் இதை அடிபட்டுக் கற்றவன். பல வருடங்களுக்கு முன் ஒரு கிணற்றில் வாட்டர் கட் 5%லிருந்து இரண்டே மாதத்தில் 60% ஆனது. நானும் மென்பொருளும் சேர்ந்து 400 ரன் ஓட்டி, அக்விஃபரிலிருந்து அந்தக் கிணற்றுக்கு ஒரு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தோம்: ஒரே ஓர் அடுக்கில் 40 மடங்கு பெர்மியபிலிட்டி. மேட்ச் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. அந்த மாடலை நம்பி, பக்கத்தில் தோண்டவிருந்த கிணற்றைக்கூடத் தள்ளிவைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து ப்ரொடக்‌ஷன் லாக் (எது எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று கிணற்றுக்குள் அளப்பது) இறக்கிப் பார்த்தால், தண்ணீர் எங்கள் தேக்கத்திலிருந்தே வரவில்லை! கேசிங்குக்கு (கிணற்றின் இரும்புக் குழாய்) வெளியே சிமென்ட் விட்டுப்போயிருந்தது. மேலே இருந்த நீர்மணலிலிருந்து அந்த வழியாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கிணற்று நீரின் குளோரைடு பாதியாகிவிட்டது என்ற ஆய்வக அறிக்கை, தண்ணீர் ஏறிய அதே மாதத் தேதியில் கோப்பில் கிடந்தது. யாரும் புரட்டவில்லை. நானும்தான்.

சரி, உங்கள் மாடலுக்கு வருவோம்.

1.35 என்பது கிழக்கில் 35% கூடுதல் எண்ணெய் இருக்கிறது என்று சொல்வது. ஜியாலஜிஸ்ட்டிடம் காட்டினீர்களா? அழுத்தம் பபிள் பாயின்டுக்கு (எண்ணெயிலிருந்து வாயு பிரியத் தொடங்கும் அழுத்தம்) மேலே இருக்கும் வரை, அது எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதைத் தீர்மானிப்பது கொள்ளளவையும் மொத்த அமுக்கத்தன்மையையும் பெருக்கி வரும் ஒரே எண்தான். அழுத்த அளவுகளை மட்டும் வைத்து அந்த இரண்டையும் தனித்தனியே பிரிக்க முடியாது. பாறையின் அமுக்கத்தன்மையைக் குறைவாகப் போட்டிருந்தாலும், அக்விஃபரைச் சின்னதாக வைத்திருந்தாலும், வெளியிலிருந்து அழுத்தம் வந்துசேரும் வழியை அடைத்திருந்தாலும், மென்பொருள் ஒரே பதிலைத்தான் தரும்: கொள்ளளவைக் கூட்டு. ஆக, கிழக்கு பிளாக்குக்கு நிஜத்தில் கிடைத்த தெம்பு உங்கள் மாடலில் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிவது அவ்வளவுதான்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கில் அழுத்தம் பற்றவில்லை. கிழக்கில் கி-3க்குத் தண்ணீர் சீக்கிரம் வந்திருக்கிறது. மேற்கில், ஃபால்ட்டை ஒட்டிய இடத்தில் தண்ணீர் முன்னேறுவதைத் தடுக்க மென்பொருள் பெர்மியபிலிட்டியைப் பத்தில் ஒன்றாக்கியிருக்கிறது. ஏற்றும் கிணறுகள் மூன்றும் மேற்கில். உங்கள் 38 பாராமீட்டர் பட்டியலில் ஃபால்ட் எங்கே? நான் இரண்டு தடவை படித்துவிட்டேன், இல்லை. முழு அடைப்பு என்று பூஜ்யம் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. சிமுலேட்டரை ஓட்டாமலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஏற்றுவது கடல்நீர் என்கிறீர்கள். கடல்நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம். பேரியம் அதிகமுள்ள தேக்க நீரில் சல்ஃபேட் மிகக் குறைவாகத்தான் இருக்கும். கி-3ன் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளை எடுங்கள். இன்னொன்று, அந்தக் கிணற்றில் பேரியம் சல்ஃபேட் ஸ்கேல் படிந்து யாராவது வைத்தியம் பார்த்தார்களா என்று உற்பத்திப் பிரிவில் விசாரியுங்கள். இரண்டு நீரும் கலந்தால்தான் அந்தப் படிவு வரும். 600 ரன் சொல்லாததை ஒரு பழைய பராமரிப்புக் கோப்பு சொல்லிவிடும்.

சல்ஃபேட் இல்லையென்றால் நான் அடுத்து சந்தேகிப்பது கிரிட்டை. 6 மீட்டர் செல் ஒன்றுக்குள் 1 மீட்டர் அடுக்கு 2,000 மில்லிடார்சி, மீதி 5 மீட்டர் 100 என்று வையுங்கள். சராசரி எடுத்தால் சுமார் 417. போராசிட்டி ஒன்றே என்றால், நிஜத்தில் அந்த மெல்லிய அடுக்கில் தண்ணீர் உங்கள் மாடலைவிட ஏறக்குறைய 5 மடங்கு வேகமாக ஓடும். இந்தத் தப்பைப் பெருக்கியால் திருத்துவது முழு வீட்டுக்கும் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது மாதிரி. அந்த அடுக்கைத் தனியாகப் பிரிப்பதுதான் வழி.

அந்த 5% பற்றியும் சொல்ல வேண்டும். வாட்டர் கட் 2% இருக்கும்போது அதில் 5% என்றால் 0.1 புள்ளி. எந்த டெஸ்ட் செப்பரேட்டரும் (ஒரு கிணற்றின் எண்ணெய், நீர், வாயுவைப் பிரித்து அளக்கும் கலன்) அவ்வளவு துல்லியமாக அளந்தது இல்லை. அதே கணக்கு 80%ல் 4 புள்ளி ஆகிவிடுகிறது. ஆக, உங்கள் மென்பொருள் தண்ணீர் எட்டிப்பார்த்த ஆரம்ப மாதங்களின் இரைச்சலைப் பிடிக்கத்தான் உயிரை விட்டிருக்கிறது. குறைந்தபட்சம் 2 அல்லது 3 புள்ளி என்று ஒரு தரை போடுங்கள். அப்புறம் எண்ணிக்கை. 11 கிணறு, 108 மாதம், எல்லாம் முதல் நாளிலிருந்து ஓடியதாக வைத்தால் 1,188 வாட்டர் கட் புள்ளிகள். எதிரே 23 அழுத்தப் புள்ளிகள். கூட்டத்தில் அழுத்தத்தின் குரல் எங்கே கேட்கும்? அந்த 1,188ம் தனித்தனி சாட்சிகளும் அல்ல. மாதக் கணக்கு என்பது எப்போதோ ஒருநாள் எடுத்த கிணற்றுச் சோதனையை வைத்து மொத்த உற்பத்தியைப் பங்கிட்டது. ஒரு சோதனை தப்பென்றால் அடுத்த சோதனை வரை எல்லா மாதமும் ஒரே பக்கம் சாயும்.

கடைசியாக ஒரு கேள்வி. வரலாற்றுக் காலத்தில் கிணறுகளை எதை வைத்துக் கட்டுப்படுத்தினீர்கள்? எண்ணெய் அளவா, ரிசர்வாயர் வால்யூமா? எண்ணெய் அளவென்றால், மாடல் தண்ணீரைத் தப்பாகக் கொடுக்கும் போதெல்லாம் பாறையிலிருந்து எடுத்த மொத்தத் திரவமும் தப்பு, அதனால் அழுத்தமும் தப்பு. அழுத்தம் சரியாகும் வரை ரிசர்வாயர் வால்யூமில் ஓட்டுங்கள். வாட்டர் கட்டை அப்புறம் பார்க்கலாம்.

40% எகிறலைப் பிறகு பேசுவோம். அது தனி நோய், மருந்தும் சுலபம்.

கேஜ்_ஆழம்:

மேலே சொன்னதோடு ஒன்றே ஒன்று. அந்த 23 அழுத்த அளவுகளும் எந்த ஆழத்துக்கு உரியவை என்று பார்த்தீர்களா? கேஜ் (அழுத்தமானி) பெரும்பாலும் துளையிட்ட பகுதிக்கு மேலே தொங்கும். டேட்டம் ஆழத்துக்கு (எல்லா அளவுகளையும் ஒப்பிடும் பொது ஆழம்) கொண்டுவர, இடையில் இருக்கும் திரவத்தின் எடையைக் கூட்ட வேண்டும். எண்ணெய் என்றால் மீட்டருக்கு 0.07 முதல் 0.08 பார், தண்ணீர் என்றால் 0.1 பார். 200 மீட்டருக்கு இந்த வித்தியாசமே 4 முதல் 6 பார் வரும். கிணற்றில் தண்ணீர் ஏற ஏறத் திருத்தமும் மாற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை.

இன்னொன்று, மூடிய கிணற்றின் அழுத்தத்தை மாடலில் எதோடு ஒப்பிடுகிறீர்கள்? ஓடுகிற கிணற்றடி அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு பொருள். செல் அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். பீஸ்மன் 1978லேயே காட்டியது இது. சதுர கிரிட்டில் செல்லின் அழுத்தம் என்பது, கிணற்றிலிருந்து செல் அகலத்தின் 0.2 பங்கு தூரத்தில் இருக்கும் அழுத்தம்.

திறமூலப்பித்தன்:

மென்பொருள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன்.

இஎஸ்-எம்டிஏ செய்ய ஈஆர்டி போதும். ஈக்வினார் உருவாக்கியது, திறமூலம், பைத்தானில் எழுதியது. சிமுலேட்டருக்கு ஓபிஎம் ஃப்ளோ இருக்கிறது. எக்லிப்ஸ் என்ற வணிக சிமுலேட்டரின் வடிவ டெக்கை (உள்ளீட்டுக் கோப்பு) படிக்கும், சில கீவேர்டுகளுக்கு முணுமுணுக்கும். முடிவுகளைப் பார்க்க ரெஸ்இன்சைட். மூன்றுக்கும் லைசன்ஸ் கிடையாது, ஆன்சாம்பிளுக்கு அதுதான் பெரிய விஷயம். வணிக சிமுலேட்டரில் உங்களிடம் 4 லைசன்ஸ் இருந்தால் ஒரே நேரத்தில் 4 ரன்தான். இங்கே எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை.

கணக்கு இப்படி வரும். 100 மாடல்கள், 4 முறை அப்டேட், கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது, ஆக 500 ரன். உங்கள் 40 நிமிடத்துக்கு 20,000 நிமிடம். 25 ரன் ஒரே சமயத்தில் ஓடினால் பதின்மூன்று மணி நேரச் சொச்சம். எமெரிக்கும் ரெனால்ட்ஸும் 2013ல் எழுதிய முறைப்படி, ஒவ்வொரு அப்டேட்டிலும் அளவீட்டுப் பிழையை ஒரு காரணியால் ஊதிப் பெரிதாக்குகிறோம். அந்தக் காரணிகளின் தலைகீழிகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். 4 முறை என்றால் ஒவ்வொன்றும் 4 என்று வைப்பது வழக்கம்.

100 மாடல்களில் சம்பந்தமே இல்லாத இரண்டு எண்களுக்கு இடையேகூட 0.1 அளவுக்குப் பொய்த் தொடர்பு தெரியும். லோக்கலைசேஷன் (ஒவ்வொரு அளவீடும் தன் சுற்றுவட்டாரத்தை மட்டும் திருத்தும்படி வைப்பது) போடாவிட்டால் கிழக்குக் கிணற்றின் வாட்டர் கட் மேற்கு மூலையில் இருக்கும் பாறையைத் திருத்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு அப்டேட்டும் செய்யாத 100 மாடல்களை ஓட்டி, கி-3ன் வாட்டர் கட் புள்ளிகள் அந்தக் கொத்துக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒரு மாடல்கூட எட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பதினேழாம் கிணறு சொல்லும் 39ஆவது திருகு ஆன்சாம்பிளிலும் இல்லாவிட்டால், இந்த முறையும் பழியை வேறு யார் தலையிலாவது போடத்தான் செய்யும்.

கை பழக பங்க்-எஸ்3 என்ற சோதனை மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 19×28×5 கிரிட், 1,761 ஆக்டிவ் செல், 6 கிணறு. நொடிகளில் ஓடிவிடும். அதற்குப் பிறகு நார்ன். நிஜ ஃபீல்ட், தரவு வெளிப்படையாகவே கிடைக்கிறது.

தேக்கப்பாறை:

எல்லோருக்கும் நன்றி. பதினேழாம் கிணறு சார், முதலில் ஒரு திருத்தம்: தம்பி இல்லை, தங்கச்சி.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம், எண்ணெய் அளவில்தான் கட்டுப்படுத்தினேன். ஆமாம், ஃபால்ட் பூஜ்யம். இரு பிளாக்கிலும் எண்ணெய்-நீர் எல்லை 12 மீட்டர் வித்தியாசத்தில் இருந்ததால் முழு அடைப்பு என்று ஜியாலஜி அறிக்கையில் இருந்தது. அதை நான் பாராமீட்டராக நினைத்தே பார்க்கவில்லை. மாடலோடு கூடவே பிறந்த உண்மை மாதிரி இருந்துவிட்டது.

மூன்று வாரம் ஆகிவிட்டது, அதற்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

உற்பத்திப் பிரிவில் விசாரித்தேன். கி-3க்கு ஐந்தாம் வருடமே ஸ்கேல் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்! “ஏன், உங்களுக்குத் தெரியாதா?” என்று என்னையே கேட்டார் அங்கே இருந்த மூத்தவர். நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் வேறொரு டிரைவில் இருந்தன. சல்ஃபேட் முதலில் 20க்குக் கீழே, பிறகு 300, கடைசி அறிக்கையில் 900. கி-4லும் லேசாக ஏறியிருக்கிறது. அது எனக்கு எதிர்பாராத செய்தி.

கேஜ்_ஆழம் சொன்னபடி அழுத்தங்களைத் தோண்டினேன். கி-1ல் 180 மீட்டர் திருத்தத்தைச் செய்யாமலேயே எழுதியிருந்தார்கள், ஏறக்குறைய 14 பார். திருத்தினால் நிஜ அழுத்தம் இன்னும் மேலே போனது, அதாவது கிழக்கில் தெம்புப் பற்றாக்குறை இன்னும் மோசமானது. அன்றைக்கு மதியம் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

மறுநாள் மென்பொருளைத் தொடாமல், ரிசர்வாயர் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு மாற்றிவிட்டு, பெருக்கிகளையெல்லாம் 1க்குத் திருப்பி, ஃபால்ட்டின் பெருக்கியை மட்டும் (0 முழு அடைப்பு, 1 தடையே இல்லை) 0.001, 0.01, 0.05, 0.1, 1 என்று கையால் 5 ரன் ஓட்டினேன். 0.05ல் கி-3ன் தண்ணீர் நிஜத் தேதிக்கு 2 மாதத்துக்குள் வந்து நின்றது. நான் எந்த பெர்மியபிலிட்டியையும் தொடவில்லை. 14 மாதத்திலிருந்து 2 மாதம்!

பிறகுதான் மென்பொருள். ஒவ்வொரு பாராமீட்டரையும் தனித்தனியாக மேலும் கீழும் அசைத்து, அசைவே காட்டாதவற்றை வெட்டி, ஃபால்ட்டையும் சேர்த்து 12 பாராமீட்டர் மிஞ்சின. வாட்டர் கட்டுக்கு 3 புள்ளி தரை போட்டேன். 90 ரன்னில் நின்றது. கிழக்கு போர் வால்யூம் 1.06. கி-3 வட்டாரம் 10லிருந்து 1.8, மேற்கு வட்டாரம் 0.1லிருந்து 0.7. எதுவும் வரம்பில் முட்டவில்லை. ஃபால்ட் 0.03க்கும் 0.08க்கும் இடையில் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மேட்ச்.

ஒரு வருத்தம்: மேற்குக் கிணறு மே-6 முன்பு அச்சாகப் பொருந்தியிருந்தது. இப்போது கடைசி இரண்டு வருடம் வாட்டர் கட் 8 புள்ளி அதிகமாகக் காட்டுகிறது. மேலாளர் முதலில் பார்த்ததே அதைத்தான். அதற்கு ஒரு சின்னப் பெருக்கி போட்டுவிடவா? ஃபால்ட் ஏன் இப்படிக் கசிகிறது என்பதும் ஜியாலஜிஸ்ட்டுக்கும் எனக்கும் இடையே இன்னும் வாக்குவாதமாகவே இருக்கிறது.

பதினேழாம் கிணறு:

தங்கச்சி, மன்னிக்கவும், பழக்க தோஷம்.

சல்ஃபேட் 900 என்று படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நல்ல வேலை.

ஜியாலஜிஸ்ட்டோடு சண்டை வேண்டாம், அவர் சொன்னதும் பொய் இல்லை. எண்ணெய்-நீர் எல்லை வேறாக இருப்பது, எண்ணெய் இயல்பாக நகர்ந்த காலத்தில் அந்த ஃபால்ட் எண்ணெயைக் கடக்கவிடவில்லை என்பதற்குச் சாட்சி. நீர் நனைந்த ஃபால்ட் பாறை கேபிலரி அழுத்தத்தால் எண்ணெயைத் தடுத்துக்கொண்டே தண்ணீருக்கு மெதுவாக வழிவிடலாம். அதோடு, இப்போது ஒரு பக்கம் நீங்கள் ஏற்றுகிறீர்கள், மறுபக்கம் உறிஞ்சுகிறீர்கள். இயற்கை அந்தச் சுவரின் மேல் வைக்காத அழுத்த வித்தியாசத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அவரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: சுவர் முழுக்க லேசாகக் கசிகிறதா, அல்லது ஏதோ ஓரிடத்தில் மணல் மணலோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு ஜன்னல் இருக்கிறதா? கி-4லும் சல்ஃபேட் ஏறுவது இந்தக் கேள்விக்கு முக்கியம். உங்கள் மாடலில் கி-4க்கும் கடல்நீர் போகிறதா என்று ட்ரேசர் (ஏற்றிய நீரைப் பின்தொடரும் அடையாளம்) போட்டுப் பாருங்கள். இரண்டு விதமாகவும் மாடல் செய்து, இரண்டும் மேட்ச் ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மேலாளர் கேட்பார், கொடுக்காதீர்கள்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் செய்த ஐசி ஃபால்ட் மாடல். தவாசொலி, கார்ட்டர், கிங் மூவரும் 2004ல் எழுதினார்கள். மூன்றே பாராமீட்டர்: ஃபால்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது, நல்ல மணலின் பெர்மியபிலிட்டி, மோசமான மணலின் பெர்மியபிலிட்டி. மூன்றே திருகு இருந்தும், உற்பத்தியோடு மிக நன்றாகப் பொருந்திய மாடல் உண்மையான எண்களுக்குப் பக்கத்தில் இல்லை. நீங்கள் 12 வைத்திருக்கிறீர்கள்.

அதனால் 9 வருடத்தையும் மேட்ச் செய்யாதீர்கள். முதல் 7 வருடத்தை மென்பொருளுக்குக் கொடுங்கள், கடைசி 2 வருடத்தை மறைத்து வைத்துப் பிறகு ஒப்பிடுங்கள். ஃபால்ட் 0.03 மாடலும் 0.08 மாடலும் அங்கே பிரியலாம்.

40% எகிறலுக்கு வருகிறேன். வரலாற்றுக் காலத்தில் சிமுலேட்டருக்கு உற்பத்தியை நீங்கள் சொல்கிறீர்கள், கிணற்றடி அழுத்தத்தை அது சொல்கிறது. கணிப்பில் நீங்கள் அழுத்தத்தைச் சொல்கிறீர்கள், உற்பத்தியை அது சொல்கிறது. மாடலில் கிணறு நிஜத்தைவிடச் சுலபமாக ஓடுவதாக இருந்தால், மாற்றிய நிமிடமே பீறிடும். கடைசி 6 முதல் 12 மாதங்களின் ஓடும் அழுத்தத்தை எடுத்து, கிணறு கிணறாக ப்ரொடக்டிவிட்டி இண்டெக்ஸை (ஓர் அழுத்த வித்தியாசத்துக்குக் கிணறு தரும் அளவு) பெருக்கி போட்டு இறக்குங்கள். கி-3 மாதிரி ஸ்கேல் படிந்த கிணற்றுக்கு 0.5 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இந்தப் பெருக்கி கிணற்றுக்குத்தான், பாறைக்கு இல்லை, அதனால் மனசாட்சி உறுத்தாது. கிணற்றுத்தலை அழுத்தத்தில் ஓட்டுவதாக இருந்தால் லிஃப்ட் டேபிளையும் (கிணற்றடி அழுத்தத்தையும் கிணற்றுத்தலை அழுத்தத்தையும் இணைக்கும் அட்டவணை) ஒருமுறை நிஜச் சோதனைகளோடு சரிபாருங்கள்.

மே-6க்குப் பெருக்கி போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முன்பு அச்சாகப் பொருந்தியது தப்பான மாடலில். அந்த இரண்டு வருடத்தில் மே-6ஐ எத்தனை முறை உண்மையில் டெஸ்ட் செப்பரேட்டரில் ஓட்டினார்கள்? மாதப் புள்ளிகளை அழித்துவிட்டு, சோதனை நடந்த தேதிகளை மட்டும் படத்தில் போட்டு இங்கே காட்டுங்கள்.

தேக்கப்பாறை:

போட்டுப் பார்த்தேன் சார். இரண்டு வருடத்தில் சோதனை மூன்றே மூன்று. அதில் இரண்டு என் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது சோதனை நடந்த அன்று பக்கத்துக் கிணறு மே-5ம் அதே செப்பரேட்டரில் திறந்திருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. படத்தை நாளை காலை ஏற்றுகிறேன், மேலாளருக்கும் அப்போதுதான் காட்டப்போகிறேன்.